கருவியும் கருத்தாவும்: பேஸ் கிட்டாரின் நாதம் பற்றிய ஒரு காரண விசாரணை

ஒருவன் ஒன்றை விரும்பி அதை உண்டாக்க முற்படும்போது, உண்டாகப்போவது முன்னரே அவன் உள்ளத்தில் முழுமையாக இருக்கிறதா, அல்லது உண்டாக்கும் செயலின் ஊடேதான் அந்த விருப்பமே உருப்பெறுகிறதா என்பது, காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் நடத்திவந்த வழக்கின் ஒரு கிளைக் கேள்வியாகும். அந்த வழக்கில் சான்றாக நிறுத்தப்பட்டவை பானை, ஆடை, தயிர் போன்ற எளிய பொருள்களே. அவற்றில் வேண்டிய காரியம் எது என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கும் கலைஞன் தனக்கு வேண்டிய நாதத்தைத் தேடித் தந்தியையும் பிக்கப்பையும் ஆம்பையும் மாற்றிக்கொண்டே போகும்போது, அவன் தேடுவதற்குக் கண்ணால் காணத்தக்க வடிவம் கிடையாது. அது எப்போது கிடைத்தது என்பதை அவனாலேயே சில வேளை உறுதியாகச் சொல்ல இயலாது. கிடைத்துவிட்டதென்று நம்பியது மறுநாள் வேறோர் அறையில் காணாமற்போய்விடும். பழைய கேள்வியைச் சோதித்துப் பார்க்கப் பானையைவிட இது தகுந்த இடம் என்று கருத இடமுண்டு.

இன்று பேஸ் கிட்டார் என்று அறியப்படும் கருவி 1951-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் என்ற கருவியிலிருந்து பரவியது. ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைத் தருவதும், கழுத்தில் உலோகப் பிரெட்டுகளைப் பதித்துச் சுருதி பிசகாமல் வாசிக்கச் செய்வதும் அதன் நோக்கங்களாக இருந்தன. பெயரில் உள்ள துல்லியம் அந்தப் பிரெட்டுகளால் வந்ததே. ஏறத்தாழ 86 சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு தந்திகளில் மிகத் தடித்தது நொடிக்கு 41 முறையும் மெல்லியது 98 முறையும் அதிர்கின்றன. தந்தியின் அடியில், காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய பிக்கப் இருக்கிறது. இரும்புத் தந்தி அதன் மேல் அசையும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்க, அது குமிழ்களையும் கேபிளையும் கடந்து ஆம்புக்குச் சென்று, பெருகி, கேபினெட்டில் உள்ள ஒலிபெருக்கியின் கூம்பை அசைத்துக் காற்றில் ஒலியாகிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கழற்றி மாற்றத்தக்கது என்பதில்தான் தேர்வு என்ற பிரச்சினையே தொடங்குகிறது. ஃபெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். தம் கருவியிலிருந்து பின்னாளில் எழப்போகும் நாதங்களில் எதையும் அவர் உள்ளத்தில் கேட்டிருக்க முடியாது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுக்கிறது. பானைக்கு மண் முதற்காரணம், அதாவது காரியமாக மாறும் பொருள். திரிகை, அதாவது குயவனின் சக்கரம், துணைக்காரணம், அதாவது காரியத்தில் கலவாமல் அதற்கு உதவுவது. குயவன் நிமித்த காரணம், அதாவது அறிந்து செய்பவன். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்று கொண்டு, அறிவற்ற பொருள் தானே உலகாகிவிட முடியாது என்று நிறுவுவதற்காகவே இப்பகுப்பு பயன்பட்டது. பேஸ் கலைஞர்களிடையே ஓயாமல் நடக்கும் ஒரு விவாதத்தில் இதே பகுப்பு, பெயர் அறியப்படாமலேயே, தொழிற்படுவதைக் காணலாம். நாதம் விரலில் இருக்கிறது, கருவி எதுவானாலும் கலைஞன் தன்னைப் போலவே ஒலிப்பான் என்பார் ஒரு சாரார். அவர்கள் நிமித்த காரணத்தை மட்டும் மெய்யெனக் கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடுபவர்கள். பிக்கப்பின் காந்தத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் ஆம்பின் வெற்றிடக் குழலையும் சரியாகத் தேர்ந்தால் வேண்டிய நாதம் தானே வந்துவிடும் என்பார் மறு சாரார். அவர்கள் துணைக்காரணத்தை முதற்காரணமாக உயர்த்திவிடுபவர்கள். இரண்டாவது கட்சியினரே கடைக்காரர்களுக்கு உகந்தவர்கள் என்பதால் அவர்கள் குரல் உரக்கக் கேட்கிறதே ஒழிய, வாதம் வலுவாக இருப்பதால் அன்று.

ஆனால் முதற்காரணம் எது என்று கேட்டவுடன் இரு சாராரும் தடுமாறுவர். பானையில் மண் அப்படியே இருக்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசையில் தந்தி இல்லை, மரம் இல்லை, விரலும் இல்லை. தந்தியின் அசைவு மின்னோட்டமாகி, மின்னோட்டம் கூம்பின் அசைவாகி, அதுவே காற்றின் அசைவாகிறது. மாறாமல் தொடர்ந்து வருவது எந்தப் பொருளும் அன்று, அசைவின் ஒழுங்கு மட்டுமே. வைசேடிகர் ஒலியை ஆகாயத்தின் குணம் என்றபோது, அதைத் தாங்கும் பொருளாக மத்தளத்தின் தோலையோ கோலையோ ஏற்க மறுத்தனர். அவர்களுடைய ஆகாயத்தை இன்றைய இயற்பியல் ஏற்காது. ஆயினும் தட்டப்படும் பொருளில் ஒலி குடியிருக்கவில்லை என்ற அவர்களது தயக்கம் பேஸ் கிட்டாரின் விஷயத்தில் பெரிதும் பொருந்துகிறது.

காரியம் காரணத்தில் முன்பே மறைந்து இருக்கிறது, செயல் அதை வெளிப்படுத்துகிறது என்பது சற்காரிய வாதம்; சாங்கியரும் சித்தாந்திகளும் இக்கொள்கையினர். காரியம் தோன்றுமுன் இல்லை, காரணங்கள் கூடியபோது புதிதாக உண்டாகிறது என்பது அசற்காரிய வாதம். நையாயிகரும் வைசேடிகரும் அதைக் கொண்டனர். பேஸ் கிட்டாரின் முகப்பில் உள்ள டோன் குமிழ், வியப்பூட்டும் வகையில், சாங்கியரின் பக்கம் நிற்கிறது. அதன் பின்னால் ஒரு மாறும் மின்தடையும், பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட் அளவுள்ள ஒரு கெப்பாசிட்டரும் மட்டுமே உள்ளன. குமிழை முழுவதும் திறந்து வைத்தால் பிக்கப் தந்தது ஏறக்குறைய அப்படியே வெளியேறும். மூடிக்கொண்டே போனால் உயர்ந்த அதிர்வுகள் கெப்பாசிட்டர் வழியாகத் தரையிணைப்புக்கு இறங்கிப்போக, அடியில் இருந்த கனத்த ஒலி தெளிந்து நிற்கும். குமிழ் தன் பங்குக்கு ஆற்றல் எதையும் சேர்ப்பதில்லை. மேலே மூடியிருந்ததை விலக்க, உள்ளே இருந்தது தெரிகிறது. பேட்டரியால் இயங்கும் முன்பெருக்கியை உள்ளே கொண்ட ஆக்டிவ் வகைக் கருவிகள், குறிப்பாக 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, ஏற்றவும் செய்யும். ஆனால் அவையும் இருப்பதைத்தான் ஏற்றும். பலகாலம் வாசித்து மங்கிப்போன தந்தியில் ட்ரெபிளை, அதாவது உயர்ந்த அதிர்வுகளை, எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும், பளிச்சிடும் ஓசை பிறக்காது. தந்தியில் இல்லாததை முன்பெருக்கி தராது.

இதே சங்கிலியில் சற்றுத் தள்ளி நையாயிகரின் நேரம் வருகிறது. 1969-இல் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட எஸ்விடி என்ற 300 வாட் குழல் ஆம்ப், அதே ஆண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் முதன்முதலாகப் பெருமேடைகளில் ஒலித்தது. இத்தகைய ஆம்பை அதன் தாங்குதிறனின் எல்லைவரை தள்ளும்போது குழல், உள்ளே வரும் அலையின் முகட்டை முழுமையாகப் பின்பற்ற இயலாமல் தட்டையாக்குகிறது. முகடு தட்டையான அலையில், உள்ளே வந்தபோது இல்லாத அதிர்வுகள் இருக்கின்றன. 41-இல் அதிரும் தூய அலை ஒன்று நுழைந்தால் 82, 123, 164 என அதன் மடங்குகளும் சேர்ந்து வெளிவரும். இரண்டு சுரங்கள் ஒன்றாக நுழைந்தால் அவற்றின் கூட்டுத்தொகையிலும் வேறுபாட்டிலும் அமைந்த அதிர்வுகள் பிறக்கும். அவை இரண்டு சுரங்களில் எதற்கும் உரியவை அல்ல. ‘முன் அபாவம்’, அதாவது தோன்றுவதற்கு முந்தைய இன்மை, என்று நையாயிகர் குறித்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு பழைய நூல்களில் இல்லை. சாங்கியருக்கு விடை இல்லாமற்போகாது: அம்மடங்குகள் குழலின் வளைந்த இயல்பில் மறைந்திருந்தன, அலை அவற்றை வெளிக்கொணர்ந்தது என்று அவர் கூறலாம். அப்படிக் கூறும்போது காரணம் என்ற சொல்லுக்குள் உலகம் முழுவதையும் அடக்கிக்கொள்ள நேரும். எல்லாம் எங்கோ மறைந்திருந்தது என்றால், மறைந்திருந்தது என்பதற்கு விளக்கும் ஆற்றல் குறைந்துவிடும். நேர்கோட்டில் இயங்கும் உறுப்புகளில் சற்காரியமும், வளைந்து இயங்கும் உறுப்புகளில் அசற்காரியமும் உண்மை என்பதே பொருந்தும் முடிவாகத் தோன்றுகிறது. இரு கொள்கைகளும் அடுத்தடுத்து ஒரே மின்சுற்றில் குடியிருக்கும் என்று அவ்வாதிகள் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மரத்தைப் பற்றிய சச்சரவை இங்கே சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப் போட்டிக்கு வரும் சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களின் மரத்திலும் நரம்பிலும் குற்றம் கண்டு அவற்றை ஒதுக்குகிறான். யாழில் மரமே அதிர்ந்து ஒலியைப் பரப்புவதால் அந்தத் தேர்வு கருவியின் இயல்பிலிருந்து எழுந்தது. திண்மரத்தால் ஆன மின் கிட்டாரில் பிக்கப் உணர்வது தந்தியின் அசைவை மட்டுமே. மரம் அந்த அசைவிலிருந்து சிறிது ஆற்றலை இங்குமங்கும் உறிஞ்சிக்கொள்வதால் செல்வாக்குச் செலுத்தலாமே தவிர, தன் குரலால் ஒலிப்பதில்லை. அந்தச் செல்வாக்கின் அளவைப் பற்றிய விவாதம் இன்னும் அடங்கவில்லை. தந்தியை மாற்றுவதாலோ விரல் விழும் இடத்தை மாற்றுவதாலோ ஏற்படும் வேறுபாட்டின் முன்னே அது சிறியது என்பதை மறுப்பவர் குறைவு. எனினும் வாங்குபவர் மரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார். யாழின் காலத்து உள்ளுணர்வு பிக்கப்பின் காலத்திலும் தொடர்கிறது.

நிமித்த காரணத்தைப் பற்றிய கொள்கைக்கு உண்மையான இடர் தருவது டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் 1960-களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் நாதம். அதுவே பிற்காலத்தில் மிகுதியாக விரும்பப்பட்ட, மிகுதியாக நகலெடுக்க முயலப்பட்ட பேஸ் நாதங்களுள் ஒன்று. அவர் கையில் இருந்தது 1962-ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ். அதில் ஃபிளாட்வவுண்ட் எனப்படும் தந்திகள், அதாவது மையக் கம்பியின் மேல் தட்டையான உலோகப் பட்டையைச் சுற்றிய, மேற்பரப்பு வழவழப்பான, கனத்த தந்திகள் பூட்டப்பட்டிருந்தன. அவை அறுந்தாலொழிய அவர் மாற்றமாட்டார். மாதங்களும் ஆண்டுகளும் படிந்த வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடுக்குகளில் இறங்கி, உயர்ந்த அதிர்வுகளை விரைவில் அவியச் செய்தன; அந்த அழுக்கில்தான் நாதம் இருக்கிறது என்று அவர் நம்பினார். பிரிட்ஜை, அதாவது தந்திகள் உடலோடு பொருந்தும் உலோகத் தகட்டை, மூடிய உறையின் அடியில் தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்ட நுரைப்பஞ்சு தந்தியை அழுத்தியதால் ஒவ்வொரு சுரமும் சட்டென்று எழுந்து சீக்கிரம் தணிந்தது. தந்திகள் கழுத்திலிருந்து உயர்ந்து நின்றன. மற்றவர்களுக்கு அவற்றை அழுத்திப் பிடிப்பதே கடினம். வலக்கையில் சுட்டுவிரல் ஒன்றே தந்தியை மீட்டியது. இளமையில் டபுள் பேஸ் வாசித்துப் பழகிய கையின் வழக்கம் அது. ஒலிப்பதிவில் ஆம்பும் மைக்கும் இடையில் இல்லை. கருவியின் மின்னோட்டம் நேராக ஒலிக்கலவை மேசைக்குச் சென்றது.

இவற்றுள் எதை அவர் ஒரு நாதத்தை மனத்தில் வைத்துத் தேர்ந்தார் என்று பிரித்துப் பார்த்தால், கையில் மிஞ்சுவது சொற்பம். நுரைப்பஞ்சு தொழிற்சாலையின் தேர்வு. மேசைக்கு நேராகச் செல்லும் பாதை நிறுவனத்தின் தேர்வு. ஒற்றை விரல் வேறொரு கருவியின் எச்சம். மாற்றாத தந்தி ஒரு வகைச் சோம்பலும் ஒரு வகை நம்பிக்கையும் கலந்தது. குயவனின் உள்ளத்தில் பானையின் வடிவம் முன்பிருந்ததுபோல ஜேமர்சனின் உள்ளத்தில் அந்த நாதம் முன்பிருந்ததாகச் சொல்ல முடியாது. அதனால் அது அவருடையது அன்று என்றும் சொல்ல முடியாது. அதே தெருவில், அதே கருவியோடு, அதே மேசையின் முன் வேறொருவர் அமர்ந்திருந்தால் அந்த நாதம் எழுந்திருக்காது என்பதை அதைக் கேட்ட எவரும் ஒப்புக்கொள்வர். ஆகவே நிமித்த காரணத்தின் பணி வடிவத்தை முன்கூட்டி அறிவது என்ற வரையறையைத் திருத்த வேண்டியிருக்கிறது. எழுந்ததைக் கேட்டு, இது இருக்கட்டும் என்று விட்டுவைப்பதும் ஒரு செயலே. தந்தி மங்கியபோது மற்றவர் கழற்றி எறிந்தனர்; ஜேமர்சன் எறியவில்லை. அந்த ஏற்பில் ஓர் அறிவு தொழிற்படுகிறது. அது செய்யும் அறிவு என்பதைவிட அடையாளம் காணும் அறிவு என்பதே பொருந்தும். காரணம் பற்றிய பழைய பகுப்பில் இதற்குத் தனி இடம் இல்லை. குயவனின் மண் அவன் எண்ணாத வடிவம் எதையும் தானாக முன்மொழிவதில்லை அல்லவா?

அவருடைய பெயர் மோட்டவுன் இசைத்தட்டுகளின் உறைகளில் 1971 வரை அச்சிடப்படவில்லை. அதன் விளைவாக இளம் கலைஞர் பலர் பெயர் தெரியாத ஒருவரின் நாதத்தை விரும்பி, அதை எழுப்பிய கருவி எதுவென்றும் அறியாமல், காதை மட்டும் நம்பித் தேடினர். இன்று அந்த நிலை தலைகீழாகிவிட்டது. அதே கனத் தந்தியும் அதே ஆண்டின் வார்ப்பைப் பின்பற்றிய கருவியும் அதே நுரைப்பஞ்சும் கடையில் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கியவருக்கு ஜேமர்சனின் நாதத்துக்கு மிக அண்மையான ஒன்று கிடைக்கவும் செய்யும், இரண்டொரு சுரங்களுக்கு. பாட்டு நகரத் தொடங்கியதும் விலகல் தெரிந்துவிடும். எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது, எங்கே தாளத்துக்கு இம்மியளவு பின்னால் விழுவது என்பவை நாதத்தோடு பின்னிக்கிடப்பவை. நாதத்தை வாசிப்பிலிருந்து தனியே பிரித்தெடுக்கத்தக்க பொருள் என்று எண்ணுவது, குணத்தைக் குணியிலிருந்து, அதாவது பண்பை அதை உடைய பொருளிலிருந்து, உரித்தெடுக்க முயலும் பிழை. ஆனால் நகல் முயற்சியை ஏளனம் செய்வதும் தவறு. அத்தேடலில் தோற்றவர்களே தங்கள் நாதத்தைக் கண்டனர். தோல்வி எங்கே நேர்ந்ததோ அங்கே அவர்களுடைய கை இருந்தது.

பேஸ் கலைஞர் ஜேகோ பாஸ்டோரியஸ் எதிர்த் திசையிலிருந்து வருகிறார். அவருக்கு வேண்டியது தெரிந்திருந்தது. டபுள் பேஸின் பாடும் குரல் வேண்டும், ஆனால் அக்கருவி ஃபுளோரிடாவின் ஈரக்காற்றில் பிளந்துபோகிறது. எனவே ஃபெண்டர் நிறுவனத்தின் 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றின் பிரெட்டுகள் நீக்கப்பட்டன. நீக்கியது எப்படி என்பதைப் பற்றி அவர் கூறிய கதைகள் ஒன்றுக்கொன்று மாறுபடும். பிரெட்டுகள் இருந்த பள்ளங்கள் மரப்பசையால் அடைக்கப்பட்டன. தந்திகளுக்கு அவர் தேர்ந்தவை ரவுண்ட்வவுண்ட் வகை, அதாவது உருண்டைக் கம்பியைச் சுற்றிய, அரம் போல் சொரசொரப்பான, பளிச்சென்று ஒலிக்கும் தந்திகள். இவ்வகையை 1966-இல் ரோட்டோசவுண்ட் நிறுவனம் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து செம்மைப்படுத்தியிருந்தது. அத்தந்திகள் பிரெட் இல்லாத விரல்பலகையை அரித்துவிடும் என்பதால், படகுகளுக்குப் பூசும் எப்பாக்சியை அதன்மேல் பூசினார். மரத்தைக் காப்பதற்காகச் செய்தது அது. கண்ணாடி போல் இறுகிய அந்தப் பரப்பில் தந்தி படும்போது உயர்ந்த அதிர்வுகள் அவியாமல் நீண்டன. பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பிக்கப்பின் மூக்கடைத்த கூர்மையும் சேர்ந்துகொள்ள, 1976-இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டில் கேட்டது டபுள் பேஸின் குரலும் இல்லை, அதுவரை இருந்த பேஸ் கிட்டாரின் குரலும் இல்லை. தேடிச் சென்றது ஒன்று, தற்காப்புக்காகச் செய்த பூச்சின் வழியே வந்து சேர்ந்தது வேறொன்று. வந்ததை அவர் முதலில் தேடியதைவிட மேலாக ஏற்றுக்கொண்டார்.

பின்னாளில் அந்தக் கருவி துண்டு துண்டாக உடைந்தது. கைதேர்ந்தவர்கள் துண்டுகளைப் பொருத்தி, முன்னும் பின்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டிச் சீர்செய்தனர். 1986-இல் நியூயார்க்கின் பூங்கா ஒன்றில் அது திருட்டுப்போனது; மறு ஆண்டு அவர் இறந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்நகரிலேயே வெளிப்பட்டு, மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோவின் உதவியோடு குடும்பத்தினரிடம் திரும்பியது. தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று நாகசேனர் மிலிந்த மன்னனைக் கேட்ட கேள்வியை இங்கே மீண்டும் கேட்கலாம். நாகசேனரின் விடை, உறுப்புகள் கூடிய இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்பது. கழுத்தை மாற்றி, பிக்கப்பை மாற்றி, பிரிட்ஜை மாற்றி, இறுதியில் உடலின் பலகை மட்டுமே பழையதாக எஞ்சிய கருவியைத் தன் பழைய பேஸ் என்றே அழைக்கும் கலைஞன், அறியாமலே பௌத்தன். ஆனால் ஒட்டுப்போட்ட அந்த ஜாஸ் பேஸ் ஏலத்துக்கு வந்தால் அதற்குக் கிடைக்கும் விலை, சந்தை இவ்விஷயத்தில் பௌத்தத்தை ஏற்கவில்லை என்பதைக் காட்டிவிடும்.

இதுவரை கேட்பவனைப் பற்றிப் பேச்சு எழவில்லை. ஒலிபெருக்கி மிகச் சிறியதாக இருந்தால் 41 என்ற அடிப்படை அதிர்வை அதனால் எழுப்பவே முடியாது. மோட்டவுன் காலத்துக் கார் வானொலி அத்தகையது. ஆயினும் அதில் கேட்டவர்கள் பேஸின் கீழ்ச் சுரத்தைச் சரியாகவே கேட்டனர். 82, 123, 164 என்ற மடங்குகள் வந்தால், அவற்றுக்குப் பொதுவான அடியைச் செவியும் மூளையும் தாமே இட்டு நிரப்பிக்கொள்கின்றன. அங்கே அடிப்படை அதிர்வு காற்றிலும் இல்லை, கேட்பில் மட்டும் இருக்கிறது. மேலும், ஒலி தாழ்ந்திருக்கும்போது கீழ் அதிர்வுகளைச் செவி மிகக் குறைவாக உணர்கிறது என்பதை 1933-இல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினர். படுக்கையறையில் மெல்லிய ஒலியில் கேட்டுத் தேர்ந்த செழுமையான பேஸ், மேடையில் உரக்க ஒலிக்கும்போது மண்டிப்போய்ச் சுரமே தெரியாமல் உருளுவது இதனால்தான். தனியே கேட்கும்போது முரட்டுத்தனமாக, சற்று அசிங்கமாகக்கூடத் தோன்றும் நடு அதிர்வுகளே, டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்த பிறகு பேஸைக் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. எனவே நல்ல நாதம் என்பது கருவியில் தங்கும் குணம் என்பதைவிடக் கருவிக்கும் அறைக்கும் பிற கருவிகளுக்கும் செவிக்கும் இடையே ஏற்படும் சம்பந்தம் என்பதே சரி. தனியறையில் அமர்ந்து அதைத் தேடுபவர், சம்பந்தத்தின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தேடுகிறார்.

அத்தேடலின் அறத்தைப் பற்றி ஒரு சொல் போதும். வாங்கிய ஒவ்வொரு கருவியும் அடுத்த கருவியின் தேவையைப் பிறப்பிப்பதை எல்லாச் சமயங்களும் ஆசை என்ற தலைப்பின்கீழ்ப் போதிய அளவு கண்டித்துவிட்டன. கலைஞர்களும் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு மறுபடியும் கடைக்குப் போகின்றனர். ஆசையைக் கண்டிப்பவர்கள் கவனிக்கத் தவறுவது, இங்கே ஆசைக்கு அதன் பொருள் தெரியாது என்பதை. தெரியாத ஒன்றை விரும்புபவன் கண்ணில் பட்டவற்றை எடுத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். அளவு மீறும்போது குற்றமாகும் அச்செயலே அளவுக்குள் இருக்கும்போது கற்றல்.

ஒரு கருவியைத் தனக்கென்று செய்வித்துக்கொள்பவரிடத்தில் இக்கேள்வி தப்ப முடியாத வடிவம் எடுக்கிறது. தந்தியை ஒரு மாலையில் மாற்றலாம், ஆம்பை விற்கலாம், கெப்பாசிட்டரைப் பற்றவைத்த இடத்திலிருந்து எடுத்துவிடலாம். பிக்கப்பின் இடம் அப்படிப்பட்டதன்று. அதற்காக மரத்தில் குழி வெட்டியாக வேண்டும். தந்தியின் அதிர்வு பல பகுதிகளாகப் பிரிந்து நிகழ்வது. தந்தியை ஆறாகப் பகுக்கும் அதிர்வுக்கு, நீளத்தில் ஆறில் ஒரு பங்குத் தொலைவில், பிரிட்ஜிலிருந்து சுமார் 14 சென்டிமீட்டரில், அசைவே இல்லாத புள்ளி உண்டு. அங்கே பிக்கப்பை வைத்தால், விரல் அழுத்தாத தந்தியின் அந்த ஆறாம் அதிர்வு அதற்குப் பெரும்பாலும் கேட்காது. கேட்காததை முன்பெருக்கியாலும் ஆம்பாலும் மீட்க இயலாது. ஜாஸ் பேஸின் பிரிட்ஜ் பிக்கப்பை 1970-களில் ஃபெண்டர் நிறுவனம் பிரிட்ஜை நோக்கி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நகர்த்தியது. அதனால் கூர்மை கூடி அடி மெலிந்தது. அத்தகைய 1977-ஆம் ஆண்டுக் கருவியில் நியூயார்க்கில் கருவி செய்பவரான ரோஜர் சடோவ்ஸ்கி முன்பெருக்கி ஒன்றைப் பொருத்தித் தர, மார்கஸ் மில்லர் கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசித்த நாதம் ஒரு தலைமுறைக்கே முன்மாதிரியாயிற்று. அதை விரும்பிக் கருவி செய்விப்பவர் அந்த 10 மில்லிமீட்டரை வேண்டுமென்றே கேட்டுப் பெறுகிறார். தொழிற்சாலையில் நகர்த்தியவருக்கோ மார்கஸ் மில்லரைத் தெரியாது. ஒருவர் காரியத்தை அறியாமல் காரணத்தை அமைத்தார். மற்றவர் காரியத்தைக் கேட்டுவிட்டுக் காரணத்தைப் பின்னோக்கி அமைக்கிறார். ஆயினும் செய்வித்துக்கொள்பவரின் கை மில்லரின் கை அன்று. குழி வெட்டப்பட்டுத் தந்தி பூட்டப்பட்டு ஆம்ப் திறக்கப்படும்வரை, அந்த இடம் தன் கையில் எப்படி ஒலிக்கும் என்பது அவருக்கும் தெரியாது. வெட்டுவதற்கான அளவை மட்டும் அவர் முன்கூட்டியே, மில்லிமீட்டர் கணக்கில், சொல்லியாக வேண்டும்.